மயிலாத்தா பேருக்கு வாங்குன மாத்திரை

தம்பி, அந்த நர்சம்மா வெளிய வந்து, மயிலாத்தா கூட வந்த ஆளு யாருன்னு கேட்டா, டீ குடிக்கப் போயிட்டாருன்னு சொல்லிருங்க. நான் இந்தத் தூணுக்கு அக்கட்டால உக்காந்துக்கறேன். ஓடிப் போறவன் இல்லைங்க. சித்தே ரோசனை பண்ணோணும். ரெண்டு வாட்டி கேட்டுட்டாங்க, அதே கேள்விதான். பதிலும் சொல்லியாச்சு. அதுதான் இப்ப வெனையா நிக்குது.

உங்களுக்கு உள்ள யாரு, அம்மாவா? மூட்டு ஆப்பரேசனா. நல்லாயிரும், பயப்படாதீங்க. எந்தூருங்க நீங்க? தாராபுரமா? நல்லதாப் போச்சு. எங்கூரு ஆளா இருந்தா நான் வாயே தொறந்திருக்க மாட்டேன். அதா பாருங்க, கதவோரமா வெள்ளைச் சட்டை, கார் சாவியைச் சுத்தீட்டு நிக்கறாரே, அவரு எங்கூரு. கிட்டுச்சாமியண்ணன். பக்கத்து ஊடு. தேங்கா நார் மில்லு வெச்சிருக்கறாரு. அவரு கார்லதான் காலையில என்ற ஊட்டுக்காரியத் தூக்கிப் போட்டுட்டு வந்தோம். தங்கமான மனுசன். இப்ப எனக்குப் புடிச்ச கெரகமே அந்தத் தங்கமான மனுசன்தான்.

நான் நாய் வளத்து விக்கறவனுங்க. பேரு தெய்வசிகாமணி. லேப்ரடார் ஒண்ணுதான், வேற சாதி கையில தொட மாட்டேன். இருவத்திரண்டு வருசமா இதே சோலி. குட்டி கேட்டு வர்றவிய என்ன கேப்பாங்க தெரியுமுங்களா? கடிக்குமா, கத்துமா, கொழந்தை இருக்கற ஊட்டுக்கு ஆகுமா. அம்புட்டுத்தான். அதுக்கோசரமே நான் ஒரு வழி வெச்சிருந்தேன். ஈத்துக்கு எட்டுக் குட்டி வந்தா, எது துள்ளாம, கத்தாம, வெச்ச எடத்துல கம்முனு கெடக்குதோ, அதை எனக்குன்னு நிறுத்திக்குவேன். வளத்து, அதே மாதிரி கம்முனு கெடக்கற இன்னொண்ணோட சேப்பேன். வெளி ரத்தம் கலக்கவே மாட்டேன். அண்ணன் தங்கச்சியக்கூடச் சேத்திருக்கறேன், நாய்க்கு என்னங்க மொறை? இப்படியே அஞ்சு தலைமொறை. அந்த அஞ்சாவதுதான் தொரை.

தொரையை நீங்க பாத்திருக்கோணும். நாப்பத்தி மூணு கிலோ. தேன் நெறம். வாசப்படியில படுத்தான்னா பால்காரன் அவனைத் தாண்டித்தான் உள்ள வரோணும், காதுகூட அசையாது. கிட்டுச்சாமியண்ணன் பேரன் அவன் முதுகுல ஏறி உக்காந்து ரெண்டு காதையும் புடிச்சு பைக் ஓட்டுவான். ஒருக்கா கண்காட்சிக்குக் கூட்டீட்டுப் போயிருந்தேன். பக்கத்துக் கலியாண மண்டபத்துல சரவெடியப் பத்த வெச்சுட்டானுக. அத்தனை நாயும் கயித்தை அத்துட்டு ஓடுது, நடுவரு மேசைக்கு அடியில ஒரு நாய், மேசை மேல ஒரு நாய். தொரை நின்ன எடத்துல நிக்கறான். மொதப் பரிசு அவனுக்குத்தான். அன்னைலிருந்து எங்க பக்கம் தொரை வாரிசுன்னா தனிப் பேருங்க. குட்டி பொறக்கறதுக்கு முன்னாடியே சொல்லி வெச்சிருவாங்க. சாந்தம்னா சிகாமணி ஊட்டு நாய்தான்னு சொல்லுவாங்க.

ஊட்டுல இன்னொரு ஆளும் அப்படித்தான் கம்முனு கெடக்கும். ஆனா பொம்பளை அப்படிக் கெடந்தா ஊடு நடக்குமுங்களா? கலியாணமாகி வந்தப்ப நாலு மாட்டுல பால் கறந்து ஊத்தீட்டு, சாணி வழிச்சுட்டு, எனக்குக் காப்பித் தண்ணி கொண்டாந்து வெச்சவ அவ. இந்த அஞ்சாறு வருசமா ஒரு சொம்பு தண்ணி கேட்டா, கேட்டதை மறந்துட்டு நிப்பா. மூணு வாட்டி கூப்பிட்டாத் திரும்புவா. கொரலு ஆம்பளையாட்டம் கரகரன்னு போச்சு. தின்னறது ஒரு கை சோறு, ஒடம்பு மட்டும் ஊதுது. கை வளையலு எறங்காம ஆசாரிய வெச்சு வெட்டி எடுத்தோம். சித்திரை வெய்யில்ல கம்பளியப் போத்தீட்டு உக்காந்திருப்பா. குளிச்சு வந்தா ஊட்டுக்குப் பின்னால பொடக்காளிச் சாக்கடையில முடி அடைச்சு நிக்கும். நான் விடுவனுங்களா? சோம்பேறி, சோம்பேறின்னு வஞ்சுட்டேதான் இருப்பேன். அவங்கம்மாளும் கடைசிக் காலத்துல இப்படித்தான் மூலையில கம்பளியோட மொகம் வீங்கிக் கெடந்துச்சு. பரம்பரைப் புத்தி, எங்க போகும்னு அவ மொகத்துக்கு நேராவே சொல்லுவேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல மாட்டா.

இருங்க, கதவு தொறக்குது. நம்ம ஆளு இல்லை. சரி.

போன ஆடி மாசம். தொரைக்கு வாலு மொதல்ல மொட்டையாச்சுங்க. பொறவு இடுப்புல முடி கொட்டி, தோலு கறுத்துப் போச்சு. உண்ணியா இருக்கும்னு வேப்பெண்ணெய் தடவுனேன். அடுப்பு எரிஞ்சா அடுப்புக்கிட்டப் போயி ஒட்டிக்கறான், அடுப்பு அணைஞ்சா களத்துல வெய்யிலு உழுகற எடத்துல போயி உழுகறான். அவளும் அங்கதான் உக்காந்திருப்பா. ரெண்டு பேரும் வெய்யிலு நகர நகர நகந்து உக்காருவாங்க. எனக்குச் சிரிப்பு வரும்.

உடுமலையில கால்நடை டாக்டருகிட்டக் கூட்டீட்டுப் போனேன். அவரு தொரையோட தொடைக்கு உள்பக்கம் விரலை வெச்சு, கடிகாரத்தைப் பாத்துட்டே நாடி எண்ணுனாரு. நிறுத்தீட்டு மறுக்கா எண்ணுனாரு. "ஏனுங்க சிகாமணி, இவன் எப்பவுமே இப்படி மெதுவாத்தான் இருப்பானா?"ன்னாரு. "சாந்தமுங்க, எங்க வம்சமே அப்படி"ன்னு பெருமையாச் சொன்னேன். என்னைய ஒரு பார்வை பாத்தாருங்க. ரத்தம் எடுத்தனுப்பி, நாலு நாள் கழிச்சுக் கூப்பிட்டாரு.

"தொண்டையில தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்குது. ஒடம்புங்கற அடுப்புக்கு அதுதான் வெறகு போடுது. இவனுக்கு அது கொஞ்சங் கொஞ்சமா அணைஞ்சுட்டு வருது. இது சாந்தமில்லைங்க, நோவு. பரம்பரையா வர்றது. நீங்க எது கம்முனு கெடக்குதுன்னு பாத்துப் பாத்துச் சேத்தீங்கல்ல, இந்த நோவைத்தான் பாத்துப் பாத்துச் சேத்திருக்கறீங்க"ன்னாரு.

தம்பி, செருப்பக் கழட்டி அடிச்சிருந்தாக்கூட எனக்கு அப்படி வலிச்சிருக்காது. மாத்திரை ஆயுசுக்கும் குடுக்கோணுமாமா, குடுத்தா நல்லா இருப்பானாமா. இனிமே அவனை எதோடயும் சேக்கக் கூடாதாமா. அப்பறம் குட்டி வாங்குன ஊட்டுக்காரங்ககிட்டயெல்லாம் சொல்லி, ரத்தம் பாக்கச் சொல்லோணுமாமா. எப்படிங்க சொல்றது? நூறு ஊட்டுக்கு மேல தொரை ரத்தம் போயிருக்குது. சிகாமணி ஊட்டு நாய் நோய் நாய்னு ஒருத்தன் வாயில வந்துட்டா, இருவத்திரண்டு வருசமும் அன்னைக்கே போச்சு. சரிங்க சரிங்கன்னு தலையாட்டீட்டு வந்துட்டேன்.

மாத்திரை, மனுசங்களுக்குக் குடுக்கற அதே மாத்திரைதான். நாய்க்கு எச்சா வேணும், காலையில ஆறு, பொழுதோட ஆறு. எங்கூரு மெடிக்கல்ல இருக்கற பொண்ணு, "யாருக்குங்க இது?"ன்னுச்சு. தொரைக்குன்னு சொல்ல முடியுமா? வாயில வந்துருச்சு. "ஊட்டுல, மயிலாத்தாளுக்கு"ன்னேன். மயிலாத்தாள், அம்பத்திரண்டு வயசுன்னு எழுதி டப்பா மேல ஒட்டிக் குடுத்துச்சு. ஒரே கடையில அத்தனை வாங்குனாச் சந்தேகம் வரும்னு உடுமலையில ஒரு கடை, பழனி ரோட்டுல ஒரு கடை புடிச்சேன். எல்லா டப்பாவுலயும் அவ பேருதான்.

ஊருக்குத் தெரியாம இருக்குமுங்களா? கிட்டுச்சாமியண்ணன் சம்சாரம் மொதக்கொண்டு நாலு பொம்பளைங்க வந்துட்டாங்க. "அடியே மயிலா, தைராய்டாமா? அதானே பாத்தேன், மொகத்தைப் பாரு எப்படி வீங்கியிருக்குது, புருவம்கூடக் கொட்டியிருக்குது பாரு, எங்க நாத்தனாளுக்கும் அச்சு அசலா இப்படித்தான். மாத்திரைய மட்டும் உட்டுறாத." இவ திண்டாடிப் போயி என்னையப் பாத்தா. நான் கண்ணைக் காட்டுனேன். "ஆமாங்க்கா, தெனமும் வெறும் வயித்துல சாப்புடறேன்"னு சொல்லீட்டா. அவிய போன பொறவு எனக்குச் சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சுங்க. ஒரு பொய்யை நான் சொன்னா, அதுக்குச் சாட்சியை ஊரே தேடிக் குடுக்குது பாருன்னேன். அவ சிரிக்கலை.

தொரைக்கு மாத்திரை குடுக்கறதும் அவதான். ராகிக் களியில பொதிச்சு, தயிரு தொட்டு உருட்டி வெப்பா. மத்ததெல்லாம் மறப்பா, அதை மட்டும் மறக்க மாட்டா. ரெண்டே மாசம், அவனுக்குப் புது முடி மொளைச்சுருச்சு. எளைச்சுட்டான். மதிலு மேல ஏறிக் கொரைக்கறான், பூனையத் தொரத்தறான், பால்காரன் சைக்கிளோட ஓடறான். டாக்டரு பாத்துட்டு, இதுதான் இவனோட நெசமான கொணம்னாரு. எனக்கு நெசமான கொணம் எதுக்குங்க? எனக்குச் சாந்தமில்ல வேணும்! குட்டி பாக்க ஆளு வர்றாங்கன்னா, பத்து நாளைக்கு முன்னாடியே மாத்திரையை நிறுத்தச் சொல்லீருவேன். மறுபடியும் மெதுவாயிருவான். வாசல்ல படுத்துக்குவான். வந்தவங்க கும்புட்டுட்டு வாங்கீட்டுப் போவாங்க.

அந்தப் பத்து நாளு மட்டும் அவ எங்கூடப் பேச மாட்டா. ஒருக்கா சொன்னா, "வாயில்லாத சீவனுங்க மாமா. மாத்திரைய நிறுத்துனா அதுக்குக் குளுரு எடுக்குமுங்க. காலு ரெண்டும் பாறையாட்டம் கனக்கும்." "ஒனக்கு எப்படித் தெரியும்? ஒங்கிட்ட வந்து சொல்லுச்சா?"ன்னேன். "எனக்கும் அப்படித்தானுங்க இருக்குது. அடுத்த வாட்டி போறப்ப அந்த டாக்டருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றீங்களா?"ன்னா. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்தரம். "நாய் டாக்டருகிட்ட ஒனக்கு வைத்தியம் கேக்கறதா? மாட்டு ஊசியப் போட்டு உட்டுருவாரு, பரவாயில்லியா?"ன்னேன். அதுக்கப்பறம் அவ கேக்கலை.

ஒரு வாரமா அவளுக்குச் சளியும் இருமலும். படுத்தே கெடந்தா. நானும் வஞ்சுட்டே கெடந்தேன். இன்னைக்குக் காலையில தொரைதான் மொதல்ல கண்டான். களி உருண்டை வரலைன்னு அவ கட்டிலுக்குப் போயி, கம்பளிய இழுத்து இழுத்துக் கொரைக்கறான். நான் போயி அவளை உலுக்குனேன். கை சில்லுனு இருக்குது. கண்ணு பாதி தொறந்திருக்குது. "மாடு கட்டோணும், மாடு கட்டோணும்"னு நாக்கு கொழறுது. மாடு வித்து நாலு வருசமாச்சுங்க எங்க ஊட்டுல.

இங்க வந்தா, ஒரு லேடி டாக்டரு, சின்ன வயசு. மணிக்கட்டைப் புடிச்சு கடிகாரத்தைப் பாத்துட்டே எண்ணுச்சு. நிறுத்தீட்டு மறுக்கா எண்ணுச்சு. மொகத்தை அழுத்திப் பாத்துச்சு, முடியப் பாத்துச்சு. "இவங்களுக்கு ஏதாவது நோய் இருக்குதா?"ன்னுச்சு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள கிட்டுச்சாமியண்ணன் முந்திக்கிட்டாரு. "தைராய்டு இருக்குதுங்க டாக்டரு. எட்டு மாசமா மாத்திரை சாப்புடுது." அந்தப் பொண்ணு என்னையப் பாத்து, "ஒழுங்காச் சாப்புடறாங்களா?"ன்னுச்சு. அண்ணன் பக்கத்துலயே நிக்கறாரு. நான் என்ன சொல்றது? "ஒரு நாளு விடாம சாப்புடறாங்க"ன்னுட்டேன். மறுக்காவும் அதையே கேட்டுச்சு, அதையேதான் சொன்னேன்.

"ஒழுங்காச் சாப்புட்டிருந்தா இப்படி ஆகாதே"ன்னு சொல்லுச்சுங்க. அப்ப வேற என்னமோன்னு தலைய ஸ்கேன் எடுக்க எழுதிக் குடுத்துச்சு. ரத்தமும் எடுத்திருக்குது, ஆனா ரிசல்ட் வர சாயங்காலம் ஆயிருமாமா. அதுவரைக்கும் இவ தாங்கோணும். போறப்ப நின்னு திரும்பிச் சொல்லுச்சு, "அந்த மாத்திரை டப்பாவை எங்கிட்டக் காட்டுங்க. சாப்புடறது நெசம்னா ஒரு வைத்தியம், சாப்புடலைன்னா வேற வைத்தியம். தப்பான வைத்தியத்தைத் தாங்கற நெலையில அவங்க இல்லை."

டப்பா என்ற சட்டைப் பையிலதான் இருக்குதுங்க. பாருங்க. காலையில தொரைக்குக் குடுக்கலாம்னு எடுத்தது, அப்படியே கெளம்பி வந்துட்டேன்.

சொல்லீறலாம். சொல்ல மாட்டேன்னு சொல்லலை. ஆனா அந்த மனுசன் அக்கட்டால நகர மாட்டேங்கறாரே! வர்ற பொதங்கிழமை அவரு சம்பந்தி ஊட்டுக்கு தொரை குட்டி ரெண்டு போகோணும், தட்டத்துல வெச்சுக் குடுக்கற மாதிரி பேசி வெச்சிருக்குது. ஏற்கெனவே அவரு ஊட்டுல இருக்கறதும் தொரை குட்டிதான். ரெண்டு மாசமா அது மில்லு களத்துல வெய்யில்ல படுத்துக் கெடக்குது. நான் பாத்துட்டேன். அவரு நாரு காயப் போட்ட எடத்துல மெத்துனு இருக்குதுன்னு படுக்குதுன்னு நெனைச்சுட்டு இருக்கறாரு. இப்ப நான் போயி, மாத்திரை அவளுதில்லை, நாயிதுன்னு சொன்னா என்ன ஆகும்? சாயங்காலம் ரிசல்ட் வந்துரும், அதுல எப்படியும் இவளுக்குத் தைராய்டு ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சு போகும். பொய்யும் அதோட கரைஞ்சு போகும். சும்மா இருந்தா யாருக்கு என்ன நட்டம்னுதான் ரோசனை பண்ணீட்டு இருக்கறேன்.

என்னங்க கேட்டீங்க? எத்தனை வருசமா குளுருதுன்னா? அஞ்சாறு வருசம் இருக்கும். எதுக்குங்க?

முடியா? சொன்னனுங்கல்ல, சாக்கடை அடைக்கற அளவுக்கு. அதுக்கும் இதுக்கும் என்னங்க? தம்பி, நீங்க சுத்தி வளைச்சு எங்க வர்றீங்கன்னு எனக்குப் புரியுது. நாயும் மனுசியும் ஒண்ணுங்களா? அது பொய்யி. நான் சொன்ன பொய்யி. மெடிக்கல் வாசப்படியில நின்னுட்டு, அந்த நிமிசம் வாயில வந்ததைச் சொன்னேன். அது எப்படிங்க நெசமாகும்? அவ சோம்பேறி. அவங்கம்மா மாதிரியே. அந்தக் கெழவியும் கடைசியில கம்பளிக்குள்ளதான் கெடந்துச்சு, மொகம் வீங்கி, நாக்கு கொழறி, ஒரு நாள் எழுப்புனப்ப எந்திரிக்கலை. பரம்பரைன்னு நாந்தான் சொல்லுவேனே, அவளை வையறப்பெல்லாம் நாந்தான...

சித்தே இருங்க.

வெய்யிலு நகர நகர ரெண்டு பேரும் நகந்து உக்காருவாங்க. அவனைக் கூட்டீட்டுப் போனேன் டாக்டருகிட்ட. அவளைக் களத்துல உட்டுட்டுப் போனேன். எனக்கும் அப்படித்தானுங்க இருக்குதுன்னு சொன்னாளே தம்பி. கையில ஆறு மாத்திரைய வெச்சுட்டு, களியில பொதிச்சுட்டேதான் சொன்னா. எட்டு மாசம் கையில வெச்சிருந்தா. தனக்குன்னு ஒண்ணை எடுத்து வாயில போட்டதில்லை, அது தொரையோடதுன்னு. நாடி எண்ணுச்சே அந்தப் பொண்ணு, ரெண்டு வாட்டி. உடுமலையில அவரும் ரெண்டு வாட்டி எண்ணுனாரு. நான் ரெண்டு எடத்துலயும் நின்னு பாத்தனுங்களே.

இப்ப மணி என்னங்க? பதினொண்ணரையா? சாயங்காலம் வரைக்கும் எப்படிங்க தாங்குவா?

அதா, கதவு தொறந்துருச்சு. தம்பி, டீ குடிக்கப் போயிட்டேன்னு சொல்லாதீங்க. இந்தப் பையை மட்டும் பாத்துக்குங்க, அவ கம்பளி இருக்குது அதுல.

நர்சம்மா, நாந்தானுங்க! மயிலாத்தா புருசன் நாந்தான். அந்த டாக்டரம்மா எங்கீங்க? உடனே பாக்கோணும். இல்லைங்க, அண்ணன் வெளிய போக வேண்டாம். கிட்டுச்சாமியண்ணா, நீங்களும் வாங்க, உள்ள வந்து கேட்டுக்குங்க, உங்க ஊட்டு நாயிக்கும் இதே நோவுதான். டாக்டரம்மா, இதா டப்பா. மேல அவ பேருதான் இருக்குதுங்க. ஆனா ஒண்ணுகூட அவ வாயில போகலை. எட்டு மாசமா எல்லாம் நாய்தாங்க தின்னுச்சு.